200 எம்பிபிஎஸ் பிளான், லேப்டாப்ல வந்தது 17: ஒரு வைஃபை கார்டு மாத்துன முழு விவரம்

எங்க அக்கா பொண்ணு ஒரு ஐடி கம்பெனில சப்போர்ட் வேலை பாக்குறா, வாரத்துல நாலு நாள் வீட்ல இருந்துதான் வேலை. கும்பகோணத்துல வாடகை வீடு, பழைய காலத்து தடிச்ச சுவரு, ஃபைபர் பெட்டி ஹால்ல இருக்கு, அவ ரூம் பின்கட்டுல, நடுவுல ரெண்டு செங்கல் சுவரு, அதுல ஒண்ணு ஒன்றரை அடி கனம் இருக்கும். போன ஐப்பசில ஒரு ராத்திரி எனக்கு போன் பண்ணி "மாமா, மீட்டிங்ல நான் பேசுறது யாருக்கும் புரிய மாட்டேங்குதாம், துண்டு துண்டா போகுதாம், இந்த வாரத்துல மூணாவது தடவ"ன்னு அழாத குறையா சொன்னா. வீட்ல இருந்து வேலை பாக்குற பிள்ளைக்கு நெட்டுதான் ஆபீஸே, அது அறுந்து அறுந்து வந்தா அவ வேலை தெரியாதவ மாதிரி ஆயிடுது, அதுதான் எனக்கு மனசு கேக்கல.

அவங்க சும்மா இருக்கல. எட்டு மாசம் முன்னாடியே இதே பிரச்சனைக்கு 100 எம்பிபிஎஸ் பிளான்ல இருந்து 200க்கு மாத்திட்டாங்க, மாசம் 300 ரூபா கூட. லைன் பாக்க வந்த தம்பி அவன் போன்ல ஸ்பீடு டெஸ்ட் போட்டு 190க்கு மேல காட்டிட்டு "லைன் பக்கா"ன்னு சொல்லிட்டு போயிட்டான், அவன் சொன்னது பொய்யும் இல்ல. ஆனா லேப்டாப்ல ஒரு மாத்தமும் இல்ல. எட்டு மாசத்துக்கு 2,400 ரூபா, பிரச்சனை அப்படியே.

டெல்டாக்காரங்களுக்கு இத சொல்லிப் புரிய வைக்கிறது ஈஸி. மேட்டூர்ல எத்தன ஆயிரம் கன அடி தொறந்தாலும் உங்க வயலுக்கு வர்ற வாய்க்கால்ல மதகு எவ்வளவு தூக்கியிருக்கோ அவ்வளவு தண்ணிதான். இவங்க மேட்டூருக்கு காசு கட்டிக்கிட்டு இருந்தாங்க, அடைப்பு கடைமடைல இருந்துச்சு. அது எந்த மதகுன்னு கண்டுபிடிக்கிறதுதான் முதல் வேலை, கார்டு வாங்குறதெல்லாம் அப்புறம்.

ஞாயித்துக்கிழமை ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு போனேன். ஒரே இடம், ஒரே டெஸ்ட் சர்வர், ஒவ்வொண்ணும் மூணு தடவ, காலைல 11 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும். சும்மா ஒரு தடவ டெஸ்ட் போட்டு முடிவுக்கு வந்தா தப்பாதான் போகும், ராத்திரி தெரு முழுக்க படம் பாக்குற நேரத்துல நிலவரமே வேற.

போன், ரவுட்டர் பக்கத்துல: 192. அதே போன், அவ மேஜைல: 110 கிட்ட. லேப்டாப், ரவுட்டர் பக்கத்துல: 41. லேப்டாப், அவ மேஜைல: காலைல 22, ராத்திரி 17. அப்புறம் அவ புளூடூத் ஹெட்ஃபோன போட்டுக்கிட்டு, அதாவது மீட்டிங்ல எப்படி உக்காருவாளோ அப்படியே வச்சு டெஸ்ட் போட்டா 7. இந்த கடைசி நம்பர பாத்ததும்தான் எனக்கு விஷயம் பாதி வெளங்குச்சு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஒயர்ல போட்டு பாப்போம்னு லேன் கேபிள் செருகுனேன், 94 வந்துச்சு. இங்க நிறைய பேரு ஏமாறுறாங்க, "200 கட்டுறேன் ஒயர்லயே 94தான் வருது, கம்பெனிக்காரன் பாதிதான் குடுக்குறான்"னு சண்டைக்கு போயிடுவாங்க. 94, 95ல கரெக்டா நிக்குதுன்னா நடுவுல எங்கயோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்குன்னு அர்த்தம். இந்த லேப்டாப்போட லேன் போர்ட்டே 100 தான், ஜிகாபிட் இல்ல, விலை கம்மியான மாடல்கள்ல அப்படித்தான் வரும். கேபிள்ல நாலு ஜோடி கம்பில ஒரு ஜோடி அறுந்திருந்தாலும் ஜிகாபிட் லைன் 100க்கு எறங்கிடும், அதையும் பாத்துக்கணும். ஆக லைன் மேல குத்தம் இல்ல, போன்லயே தெரிஞ்சுபோச்சு.

அடுத்து விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் தொறந்து நெட்எஸ்எச் டபிள்யூலான் ஷோ இன்டர்ஃபேஸஸ் (netsh wlan show interfaces) அடிச்சு பாத்தேன், இங்கிலீஷ்லதான் அடிக்கணும், இத எல்லாரும் ஒரு தடவ பழகி வச்சுக்கோங்க, ஸ்பீடு டெஸ்ட்ட விட இது உண்மைய சொல்லும். ரேடியோ டைப் 802.11என், அதாவது பழைய தலைமுறை வைஃபை, சேனல் 6, ரிசீவ் ரேட், அதாவது ரவுட்டரும் லேப்டாப்பும் பேசிக்கிற லிங்க் வேகம், ரவுட்டர் பக்கத்துல 72.2, அவ மேஜைல 28.9க்கும் 43.3க்கும் நடுவுல ஆடிக்கிட்டு இருந்துச்சு.

அந்த 72.2 ஏதோ கண்டபடி வந்த நம்பர் இல்ல. ஒரே ஒரு ஸ்ட்ரீம் (ஒரே நேரத்துல தனித்தனியா ஓடுற டேட்டா ஓடை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆன்டெனா வேணும்), 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், 802.11என், இந்த மூணும் சேந்தா உச்சம் சரியா 72.2 தான், அதுக்கு மேல ஒரு பொட்டு ஏறாது. 40 மெகாஹெர்ட்ஸ் கெடச்சா 150 வரைக்கும் போகும், ஆனா வைஃபை ஓடுற 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ்ங்கிற ரெண்டு பேண்டுல இது இருக்குற 2.4ல மொத்த இடமே கொஞ்சம்தான், ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்குற சேனல்னு பாத்தா 1, 6, 11 மூணுதான். அவ மேஜைல உக்காந்து எண்ணிப் பாத்தேன், 19 வைஃபை பேரு தெரியுது, அதுல ஏழு சேனல் 6லயே. அத்தன பேரும் ஒரே காத்துல மாத்தி மாத்தி பேசணும், ஒருத்தர் பேசும்போது மத்தவங்க வாய மூடிக்கிட்டு காத்திருக்கணும், அதுக்கு நடுவுல லிங்க் 43ன்னு காட்டுனா கைக்கு வர்றது பாதிதான். 17 வந்ததுல ஆச்சரியமே இல்ல.

டிவைஸ் மேனேஜர்ல கார்டு பேர தேடிப் பாத்தா, 2.4 மட்டும் பேசுற, ஒத்த ஸ்ட்ரீம் கார்டு. 2017ல வாங்குன லேப்டாப், அப்போ 802.11ஏசிங்கிற அடுத்த தலைமுறை வைஃபை வந்து மூணு நாலு வருஷம் ஆயிடுச்சு, ஆனாலும் பெட்டி விலைய கொறைக்க இந்த மாதிரி கார்டு போட்டுத்தான் நிறைய வித்தாங்க. ரவுட்டரோ 5 ஜிகாஹெர்ட்ஸ்ல ரெண்டு ஸ்ட்ரீம் ஏசி பேசுற பெட்டி, 866 வரைக்கும் லிங்க் குடுக்கும். போன் அதுல போய் ஒட்டிக்குது, லேப்டாப்புக்கு அந்தப் பக்கம் கண்ணே தெரியாது.

இப்ப ஹெட்ஃபோன் விஷயம். புளூடூத்தும் 2.4லதான் ஓடுது. இந்த கார்டுல வைஃபைக்கும் புளூடூத்துக்கும் சேத்து ஒரே ஆன்டெனா, அதனால ரெண்டும் நேரத்த பங்கு போட்டுக்கும், கொஞ்ச நேரம் இது கொஞ்ச நேரம் அது. பாட்டு கேக்கும்போது பெருசா தெரியாது, மீட்டிங்ல மைக்கும் சேந்து ஓடும்போது புளூடூத்துக்கு நேரம் ஜாஸ்தி வேணும், வைஃபை நெரிஞ்சு போயிடும். ரவுட்டர் விலாசம் 192.168.1.1க்கு பிங், அதாவது ஒரு குட்டிச் செய்தி போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்குறது, அத போட்டுக்கிட்டே ஹெட்ஃபோன ஆன் ஆஃப் பண்ணி பாத்தேன், ஆஃப்ல 4, 6, 11 மில்லிசெகண்ட்னு வந்தது, ஆன் பண்ணி மைக்ல பேசச் சொன்னா 40, 180, 9, 220, நடுநடுவுல டைம் அவுட். வீட்டுக்குள்ள இருக்குற பெட்டிக்கு போயிட்டு வரவே இந்தப் பாடு. அவ குரல் துண்டு துண்டா போனதுக்கு காரணம் அந்த ரெண்டு சுவருக்கு இந்தப் பக்கமே இருந்துச்சு, பிளான 500 ஆக்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

கார்டு மாத்துறது மட்டுந்தான் வழின்னு நான் சொல்ல வரல. ஒயர் போட முடிஞ்சா ஒயர் போடுங்க, எந்த வைஃபையும் அதுக்கு ஈடு கெடையாது, இங்க சுவத்துல ஓட்டை போட ஓனர் விட மாட்டாரு, கதவு வழியா இழுத்தா பாட்டி தடுக்கி விழுவாங்கன்னு அக்காவுக்கு பயம், அந்த பயம் நியாயமானது. ரவுட்டர நடு அறைக்கு மாத்த ஃபைபர மறுபடி இழுக்கணும். மெஷ் பெட்டி, அதாவது நடுவுல சிக்னல வாங்கி திருப்பி அனுப்புற இன்னொரு வைஃபை பெட்டி வைக்கலாம், ஆனா லேப்டாப் 2.4ல ஒத்த ஸ்ட்ரீம்ல இருக்குற வரைக்கும் அது உச்சத்துல 40தான் வாங்கும், காசு தண்டம். யூஎஸ்பி டாங்கிள், அதாவது வெளில செருகுற குட்டி வைஃபை கார்டு ஒண்ணு ஃப்ரெண்டுகிட்ட இருந்து வாங்கி ரெண்டு நாள் ஓட்டிப் பாத்தேன், 5 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிள், அவ மேஜைல 80 வந்துச்சு, பரவால்ல. சூடு ஆகுது, துருத்திக்கிட்டு நிக்குது, லேப்டாப்ப மடில வச்சு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்புனா கட் ஆகுது. ஆனா அந்த ரெண்டு நாள் வீண் இல்ல, அவ ரூம் வரைக்கும் 5 ஜிகாஹெர்ட்ஸ் ஒழுங்கா வந்து சேருதுன்னு அதுலதான் உறுதியாச்சு. சில வீட்ல அது வரவே வராது, 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவரு தாண்டுறதுல 2.4 அளவுக்கு கெட்டி இல்ல, அப்படி வராத வீட்ல உள்ள கார்டு மாத்தி ஒரு புண்ணியமும் இல்ல. கார்டு வாங்குறதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது டாங்கிள் கடன் வாங்கி பாத்துடுங்க, இல்லன்னா போனையாவது அதே மேஜைல வச்சு பாருங்க.

எந்த கார்டுன்னு வந்தப்போ இன்டெல் ஏஎக்ஸ்200 எடுத்தேன். எம்.2ங்கிற ஸ்லாட்டுல உக்காருற 2230 சைஸ், அதாவது 22 மில்லிமீட்டர் அகலம் 30 மில்லிமீட்டர் நீளம், கிட்டத்தட்ட ஒரு தபால் தலை அளவு. 2019ல வந்தது, ஏசிக்கு அடுத்த தலைமுறையான வைஃபை 6, ரெண்டு ஸ்ட்ரீம். ரவுட்டர் ஏசிதான்ங்கிறதால வைஃபை 6 இங்க வேலை செய்யாது, ஏசியாதான் பேசும், அது தெரிஞ்சேதான் வாங்குனேன், பழைய ஏசி கார்டுக்கும் இதுக்கும் விலை வித்தியாசம் சில நூறுதான், நாளைக்கு ரவுட்டர் மாறுனா இது கூடவே வரும். ஏஎக்ஸ்210 இன்னும் புதுசு, 6 ஜிகாஹெர்ட்ஸ் பேசும், ஆனா அதுக்கு ரவுட்டரும் வேணும் விண்டோஸ் 11ம் வேணும், இந்த லேப்டாப்ல விண்டோஸ் 10.

ஒண்ணு மட்டும் கத்தி சொல்லணும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211னு கடைசி நம்பர் 1ல முடியுறத கண்ண மூடிக்கிட்டு வாங்கிடாதீங்க. பாக்க அப்படியே இருக்கும், சாக்கெட்லயும் உக்காரும், ஆனா அதுல வைஃபை வேலையோட ஒரு பாதி இன்டெல் ப்ராசஸர் பக்கத்துல நடக்கும், சிஎன்விஐன்னு பேரு, அதுக்குன்னே பண்ண போர்டுல மட்டுந்தான் உயிர் வரும். ஏஎம்டி ப்ராசஸர் லேப்டாப்லயோ பழைய இன்டெல் லேப்டாப்லயோ போட்டா கார்டு இருக்குறதே தெரியாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ரெண்டும் சாதாரண பிசிஐஇ, அதாவது முழு வைஃபை வேலையும் கார்டுலயே நடக்கும், அதனால ஏஎம்டிலயும் ஓடும். எங்க தெருவுல ஒரு பையன் ஏஎம்டி லேப்டாப்புக்கு 201 வாங்கிட்டு, கார்டு செத்துப்போச்சுன்னு என்கிட்ட கொண்டு வந்தான், செக் பண்ண வேற லேப்டாப்ல போட்டா நல்லாவே ஓடுது.

இன்னொரு வேலி, சில கம்பெனி லேப்டாப்ல, அதுவும் பழைய மாடல்ல, பயாஸ்லயே, அதாவது ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற புரோகிராம்லயே, ஒரு பட்டியல் இருக்கும், அந்த பட்டியல்ல இல்லாத வைஃபை கார்டு போட்டா ஸ்டார்ட் ஆகும்போதே அனுமதி இல்லாத கார்டுன்னு சொல்லி நின்னுடும். உங்க மாடல் நம்பர் போட்டு சர்வீஸ் மேனுவல் தேடுனா பிடிஎஃப் கெடைக்கும், எந்தெந்த கார்டு போட்டு வித்தாங்கன்னு அதுல இருக்கும். நானும் எடுத்தேன், கார்டு பக்கத்த படிச்சேன், இந்த மாடலுக்கு அந்த மாதிரி தடை இல்லன்னு வேற ஒருத்தர் இதே மாடல்ல மாத்தியிருந்ததுல தெரிஞ்சுது, ஆர்டர் போட்டுட்டேன். 1,750 ரூபா. அந்த பிடிஎஃப்ல இன்னும் நாலு பக்கம் தள்ளி ஆன்டெனா பத்தி ஒரு வரி இருந்துச்சு, அத நான் படிக்கல, தப்பு என்னோடதுதான்.

வைஃபைக்கும் புளூடூத்துக்கும் தனித்தனி டிரைவர், ரெண்டையும் முன்னாடியே டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல வச்சுக்கிட்டேன். கார்டு மாத்துனதுக்கு அப்புறம் நெட் இருக்காதே.

சனிக்கிழமை மத்தியானம் பிரிச்சோம். ஷட்டவுன் பண்ணி, சார்ஜர் கழட்டி, கவுத்துப் போட்டு, ஸ்க்ரூ பதினொண்ணு, அதுல ரெண்டு பின்பக்க ரப்பர் பொட்டுக்கு அடில ஒளிஞ்சிருக்கும், அத எடுக்காம நெம்புனா பிளாஸ்டிக் கிழிஞ்சுடும். டிவிடி டிரைவ உருவிட்டு அந்த இடுக்குல ஒரு பழைய ஏடிஎம் கார்ட விட்டு ஓட்டிக்கிட்டே வந்தா டப் டப்புனு க்ளிப் விடும், அந்த சத்தம் முதல் தடவ கேக்குறவங்களுக்கு பகீர்னு இருக்கும், என் மருமக கண்ண மூடிக்கிட்டா. உள்ள போனதும் முதல் வேலை பேட்டரி கனெக்டர கழட்டுறது, அதுக்கு முன்னாடி எதையும் தொடக்கூடாது. அப்புறம் பவர் பட்டன கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சு மிச்சம் மீதி கரண்ட போக விட்டேன்.

பழைய கார்டு ஓரத்துல ஒரு குட்டி ஸ்க்ரூல நிக்குது. அதுல ஒரு கருப்பு ஒயர், நூல் மாதிரி, நுனில கடுகு சைஸ்ல தங்கக் கலர் தொப்பி. ஒண்ணே ஒண்ணு. நான் வெள்ளை ஒயர் எங்கன்னு ஃபேனுக்கு அடில, கீல் பக்கம், ஸ்பீக்கர் ஓரம்னு எல்லாம் டார்ச் அடிச்சு தேடுறேன், சில லேப்டாப்ல ரெண்டாவது ஒயர் உபயோகப்படாம டேப் ஒட்டி சுருட்டி வச்சிருப்பாங்க, இங்க இல்லவே இல்ல. கார்டு ஒத்த ஸ்ட்ரீம்ங்கிறதால தயாரிச்சவங்க ஒரு ஆன்டெனாவோட நிறுத்திட்டாங்க. என் கைல இருக்குற புது கார்டுல அந்த தொப்பி உக்காருற குத்தி ரெண்டு இருக்கு.

சரி, இருக்குற ஒண்ண மாட்டிப் பாப்போம். அந்த தொப்பிய மாட்டுறது ஒரு பொறுமை வேலை. பக்கவாட்டுல தள்ளக்கூடாது, அமுக்கவும் கூடாது முதல்ல, குத்தி மேல சும்மா வச்சு விரல் நுனியால லேசா அசைச்சா ஒரு இடத்துல வழுக்காம நிக்கும், அப்பதான் நேரா மேல இருந்து ஒரு அழுத்து, டிக்குனு ஒரு சின்ன சத்தம், காதுல கேக்குறத விட நகத்துல உணரலாம். கோணலா அமுக்குனா குத்தி நசுங்கிடும், நசுங்குனா 1,750 போச்சு. எனக்கு நாலாவது தடவைல உக்காந்துச்சு.

ஆன் பண்ணி, டிரைவர் போட்டு, நெட் வந்துச்சு. முதல்ல மறுபடியும் 2.4லயே போய் ஒட்டிக்கிச்சு, ஏன்னா ரவுட்டர்ல ரெண்டு பேண்டுக்கும் ஒரே பேரு. டிவைஸ் மேனேஜர்ல கார்டோட அட்வான்ஸ்டு பக்கத்துல ப்ரிஃபர்டு பேண்டுன்னு ஒண்ணு இருக்கு, அத 5க்கு மாத்துனதும் தாவிடுச்சு. ரவுட்டர் பக்கத்துல 190 தாண்டுச்சு. அவ மேஜைல 60ல இருந்து 85. பழைய 17ஐ நெனச்சா நாலு மடங்கு, அவ அப்பவே "போதும் மாமா, மூடிடுங்க"ன்னுட்டா.

எனக்கு மூட மனசு வரல. லிங்க் ரேட்ட பாத்துக்கிட்டே இருந்தா 195, 97, 260, 65னு தவ்விக்கிட்டே இருக்கு. கார்டு தனக்கு ரெண்டு காது இருக்குன்னு நெனச்சு ரவுட்டர்கிட்ட ரெண்டு ஸ்ட்ரீம் அனுப்புன்னு சொல்லுது, ஒரு காதுல ஒண்ணும் விழல, உடனே கீழ எறங்குது, கொஞ்ச நேரத்துல மறுபடி ஆசைப்படுது. இது மீட்டிங்குக்கு நல்லது இல்ல. அதோட ஹெட்ஃபோன் ரெண்டு அடி தள்ளிப் போனாலே கரகரன்னுச்சு. ஒயர பக்கத்து குத்திக்கு மாத்திப் பாத்தேன், ஹெட்ஃபோன் உடனே சரியாயிடுச்சு, அப்ப இந்த கார்டுல புளூடூத் அந்த ரெண்டாவது குத்தி வழியாதான் போகுது, நான் முதல்ல அத மொட்டையா விட்டிருந்தேன். வைஃபை தவ்வல் மட்டும் அப்படியே.

ஆக ரெண்டாவது ஆன்டெனா வேணும். கும்பேஸ்வரர் கோயில் பக்கம் எனக்கு தெரிஞ்ச ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை, அண்ணன்கிட்ட ஸ்கிராப்புல கெடந்த ஒரு ஸ்க்ரீன் மூடில இருந்து கேட்டேன். முதல்ல எடுத்துக் குடுத்தது பழைய மினி பிசிஐ கார்டு காலத்துது, தொப்பி கொஞ்சம் பெருசு, கண்ணுக்கு ஒண்ணாதான் தெரியும், எம்.2 கார்டு குத்தில வச்சா லொட லொடன்னு ஆடும். எம்.2 கார்டுக்கு வர்றது எம்எச்எஃப்4ன்னு சின்ன சைஸ். ரெண்டாவதா ஒரு மூடிய தேடி, அது எம்.2 கார்டு இருந்த மாடல்தான்னு போர்ட பாத்து உறுதி பண்ணி, அதுலயும் 5 ஜிகாஹெர்ட்ஸ் கார்டு இருந்துச்சான்னு கேட்டு எடுத்தோம். இந்தக் கேள்வி முக்கியம், 2.4 மட்டும் பேசுன லேப்டாப்ல ஆன்டெனாவும் 2.4க்கு மட்டும் வெட்டுனதா இருக்கலாம், அத 5ல ஓட்டுனா சிக்னல் சொத்தையா வரும். எங்க லேப்டாப்ல ஏற்கனவே இருந்த ஆன்டெனா நல்லவேளையா 5லயும் ஒழுங்கா வாங்குச்சு. 150 ரூபா குடுத்தேன்.

எங்க ஒட்டுறது? இதுலதான் ரெண்டு மணி நேரம் போச்சு, ஆனா நான் இந்த வேலைல கத்துக்கிட்டதுல பாதி இங்கதான். முதல்ல சோம்பேறித்தனமா அடிப்பாகத்துலயே, டிவிடி டிரைவ் பக்கத்து காலி இடத்துல ஒட்டி, நீளமா இருந்த ஒயர சுருட்டி வச்சு மூடுனேன். லிங்க் 195ல இருந்து 260. ஏதோ கொஞ்சம் நிதானமாச்சு, அவ்வளவுதான். யோசிச்சுப் பாத்தா டிவிடி டிரைவ் முழுக்க தகரப் பெட்டி, ஒரு பக்கம் தகரம், மேல கீபோர்டு தகடு, கீழ மேஜை. ஆன்டெனாவ இரும்புப் பொட்டிக்குள்ள வச்சு கேளு கேளுன்னா எப்படி கேக்கும். டிவிடி டிரைவ உருவி வெளில எடுத்துட்டு அதே இடத்துல டெஸ்ட் போட்டேன், உடனே 325, 390ன்னு ஏறுச்சு. திருப்பி சொருகுனேன், எறங்குச்சு. காரணம் கைல பிடிச்ச மாதிரி தெரிஞ்சுபோச்சு.

அதனால மறுநாள் ஸ்க்ரீன் மூடியவும் பிரிச்சேன். ஓரச் சட்டம் பிளாஸ்டிக், உள்பக்கம் இருந்து நகத்தால நெம்பிக்கிட்டே வந்தா கழண்டு வரும், கீல் பக்கம் மட்டும் கவனம். கம்பெனி ஆன்டெனா மேல வலது மூலைல இருந்துச்சு, நான் புதுச மேல இடது மூலைல, அதுக்கு குறுக்கா, செங்குத்தா ஒட்டுனேன். ரெண்டும் தள்ளித் தள்ளி, வேற வேற திசைல இருந்தாத்தான் ரெண்டுக்கும் வேற வேற மாதிரி சிக்னல் விழும், ரெண்டு ஸ்ட்ரீம் பிரிச்சு எடுக்க அதுதான் ஆதாரம், பக்கத்து பக்கத்துல ஒட்டுனா ரெண்டு காது இருந்தும் ஒரு காதுதான். ஒயர ஸ்க்ரீன் கேபிள் கூடவே கீல் வழியா கீழ எறக்குனேன், மூடியைத் தொறந்து மூடி பத்து தடவ பாத்து எங்கயும் நசுங்கல, இழுபடலன்னு ஆனதுக்கு அப்புறம்தான் சட்டத்த அமுக்கி மூடுனேன். ஸ்க்ராப்ல இருந்து வந்த ஒயர் மூடிக்குன்னே அளவு வச்சதுங்கிறதால நீளம் சரியா போச்சு.

அவ மேஜைல வச்சு ஆன் பண்ணேன். லிங்க் 390, 520, 390, 520. அதுக்கு கீழ எறங்கவே இல்ல. ஸ்பீடு டெஸ்ட் காலைல 168, ராத்திரி 9 மணிக்கு 150. ரவுட்டர் பக்கத்துல 195, அதுக்கு மேல பிளானே இல்ல. ஆனா நான் இந்த நம்பருங்களுக்காக காத்திருக்கல, ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு பேசச் சொல்லி பிங் போட்டேன், 2, 3, 2, 5, 3, 2. அஞ்சு நிமிஷம் பாத்தேன், 9க்கு மேல ஒரு தடவ கூட போகல. வைஃபை இப்ப 5ல, புளூடூத் 2.4ல, அடிச்சுக்க வேண்டிய அவசியமே இல்ல. மீட்டிங்குக்கு வேண்டியது ரெண்டு மூணு எம்பிபிஎஸ்தான், அது விட்டு விட்டு வராம ஒரே சீரா வரணும், அவ்வளவுதான் அவ கேட்டது.

சின்ன சின்ன பாக்கி ரெண்டு இருந்துச்சு. சார்ஜர் கழட்டுனா ஸ்பீடு கொஞ்சம் எறங்குச்சு, பவர் ஆப்ஷன்ஸ்ல வயர்லெஸ் அடாப்டருக்குன்னு ஒரு பவர் சேவிங் இருக்கு, பேட்டரிலயும் மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்னு வச்சதும் சரியாச்சு. திங்கக்கிழமை காலைல புளூடூத் திடீர்னு காணாமலே போச்சு, அவ பதறிட்டா, முழுசா ஷட்டவுன் பண்ணி பவர் பட்டன அரை நிமிஷம் அமுக்கிட்டு ஆன் பண்ணச் சொன்னேன், வந்துச்சு. பழைய கார்டோட டிரைவர் மிச்சம் இருந்துச்சு, அத எடுத்துட்டதுக்கு அப்புறம் மறுபடி அப்படி ஆகல.

மொத்த செலவு 1,900 ரூபா, ரெண்டு அரை நாள். 200 பிளான கொறைச்சிடலாமான்னு அக்கா கேட்டாங்க, நான் இந்த மாசம் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்னேன், அத்தான் ராத்திரி டிவில மேட்ச் பாக்குறாரு, தம்பி கேம் டவுன்லோட் பண்றான், இவ்வளவு நாள் லேப்டாப் எடுத்துக்காததால 200ல எவ்வளவு சும்மா கெடந்துச்சுன்னு இப்பதான் தெரிய ஆரம்பிச்சிருக்கு. பழைய கார்ட சின்ன கவர்ல போட்டு, மேல தேதியும் லேப்டாப் மாடலும் எழுதி, லேப்டாப் பை சைடு ஜிப்ல வச்சிருக்கேன்.

கார்த்திகை பாதில ஒரு ராத்திரி அவகிட்ட இருந்து மெசேஜ், நான் சொல்லிக் குடுத்த மாதிரியே ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு, 9 மணிக்கு, மூணு தடவ டெஸ்ட் எடுத்து எழுதியிருந்தா: 154, 149, 158. கீழ "இந்த மாசம் ஒரு மீட்டிங் கூட கட் ஆகல மாமா, அப்புறம் என் கூட வேலை பாக்குற பொண்ணு லேப்டாப்லயும் இதே கதைதான், பாப்பீங்களா"ன்னு கேட்டிருந்தா. மாடல் நம்பர் வாங்கி சர்வீஸ் மேனுவல எடுத்து இந்த தடவ முதல்ல ஆன்டெனா பக்கத்துக்குத்தான் போனேன். ரெண்டு ஒயர், ஒண்ணு கருப்பு ஒண்ணு வெள்ளை.